தலையீற்று ராஜபாளையம் நாய்க்கு என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

கேள்வி: சங்கரன்கோவிலை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். எங்கள் ராஜபாளையம் நாய் ராணிக்கு இரண்டரை வயது. செப்டம்பர் 28, 30 ஆகிய இரண்டு நாட்களும் ஆண் நாயுடன் சேர்த்தோம். கால்நடை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சினை என்று உறுதி சொல்லிவிட்டார். இது தலையீற்று. இரண்டு வேளையும் கால்சியம் டானிக் கொடுக்கச் சொல்லி ஒருவர் பாட்டிலே வாங்கி வந்து தந்திருக்கிறார். கடைசி வாரம் விளக்கெண்ணெய் கொடுத்தால் சுகமாக ஈனும் என்கிறார் என் மாமியார். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் சாக்கு விரித்து இடம் செய்யலாமா? இரவில் வலி எடுத்தால் மருந்தகத்தில் ஆள் இருக்காது. ஊரில் மாடுகளுக்கு ஊசி போடத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவரைச் சொல்லி வைத்துக்கொண்டால் போதுமா?

பதில்: சேர்த்த தேதிகளை நீங்கள் குறித்து வைத்திருப்பது நல்ல காரியம். தீபாவளிக்கு முன்னாலோ பின்னாலோ என்ற அளவில் மட்டுமே தேதி தெரிந்து வருகிறவர்களுக்கு உதவுவது கடினம். குட்டி ஈனும் இரவில் எடுக்க வேண்டிய முடிவுகள் ஏறக்குறைய எல்லாமே நாள்கணக்கையும் மணிக்கணக்கையும் நம்பித்தான் இருக்கின்றன. ஈனுவதை ராணி பார்த்துக்கொள்ளும். உங்கள் பங்கு பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைப்பதும், எந்த நேரத்தில் வண்டியை எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதும்தான்.

நாயின் சினைக்காலம் 63 நாள் என்று சொல்வது வழக்கம். அது கருமுட்டை வெளிவந்த நாளிலிருந்து எண்ணுகிற கணக்கு. ஆண் நாயின் விந்தணுக்கள் பெண் நாயின் உடலுக்குள் ஒரு வாரம் வரைகூட உயிரோடு இருக்கக்கூடியவை என்பதாலும், வெளிவந்த முட்டை கருவுறத் தகுந்த முதிர்ச்சி அடைய இரண்டு நாட்களாவது ஆகும் என்பதாலும், சேர்த்த நாளிலிருந்து எண்ணும்போது 58ஆம் நாள் முதல் 68ஆம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் ஈனலாம். ராணிக்கு 63ஆம் நாள் நவம்பர் 30 அல்லது டிசம்பர் 2 என்று வருகிறது. ஆனால் நவம்பர் 25 தொடங்கி டிசம்பர் 7 வரை வீட்டில் பெரியவர் ஒருவர் இரவும் பகலும் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்தப் பதின்மூன்று நாட்களில் வெளியூர்த் திருமணத்துக்கு வீடே கிளம்பிப் போவதாக இருந்தால் இப்போதே அதை மாற்றிவிடுங்கள்.

அதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு முறை போய்வர வேண்டும். முதல் முறை, இந்த வாரமே. தாயின் தசைகளுக்குள் உறங்கிக் கிடக்கும் உருண்டைப் புழுவின் இளம்புழுக்கள், சினையின் பிற்பாதியில் விழித்துக்கொண்டு நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலிருக்கும் குட்டிகளுக்குள்ளேயே போய்விடும். பிறந்த பிறகு பால் வழியாகவும் போகும். இதைத் தடுக்க பென்பெண்டசோல் என்ற மருந்தைச் சினையின் 40ஆம் நாள் தொடங்கி, ஈன்று 14 நாள் ஆகும்வரை தினமும் கொடுக்கும் முறை உண்டு. ராணிக்கு அந்த 40ஆம் நாள் நவம்பர் 7. எடையைப் பார்த்து அளவை மருத்துவர் எழுதித் தருவார். உண்ணி இருந்தால் அதையும் அப்போதே காட்டுங்கள். அமித்ராஸ் என்ற உண்ணி மருந்து கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுவது சினை நாய்க்கு ஆகாது. போன முறை உண்ணிக் காய்ச்சலுக்கு எழுதித் தந்து மீதியிருக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடவும் கூடாது.

இரண்டாவது முறை, 55ஆம் நாளான நவம்பர் 22ஐ ஒட்டி, ஓர் எக்ஸ்ரே எடுப்பதற்காக. கருவிலிருக்கும் குட்டிகளின் எலும்பு 45ஆம் நாளுக்குப் பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கும். 55க்கு மேல் ஆகிவிட்டால் முதுகெலும்பையும் மண்டையையும் எண்ணி எத்தனை குட்டி என்று அநேகமாகச் சரியாகவே சொல்லிவிடலாம். இந்தக் கட்டத்தில் ஒருமுறை எடுப்பதால் குட்டிகளுக்குக் கெடுதல் எதுவும் இல்லை. செலவு எதற்கு என்று பலரும் இதைத் தவிர்க்கிறார்கள். ஆறு குட்டி பிறந்து, மணி இரவு மூன்றாகி, தாய் அயர்ந்து படுத்திருக்கும்போது, அது எல்லாம் முடிந்த களைப்பா அல்லது ஏழாவது குட்டி உள்ளே சிக்கியிருக்கிறதா என்ற கேள்விக்கு, உங்கள் நோட்டில் முன்பே எழுதி வைத்திருக்கும் அந்த ஒற்றை எண்தான் பதில் சொல்லும்.

இனி, பாட்டிலில் வந்த கால்சியத்துக்கு வருவோம். அதை ஈனும்வரை திறக்கவே வேண்டாம். சினை நாய்க்குக் கால்சியம் கொடுப்பது அக்கறையாகத் தோன்றினாலும், நடப்பது அதற்கு நேர்மாறானது. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது எலும்பிலிருந்து எடுத்துத் தருகிற வேலையைக் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் செய்கின்றன. வெளியிலிருந்து தாராளமாகக் கால்சியம் வந்துகொண்டிருந்தால் அந்தச் சுரப்பிகள் வேலையின்றி மந்தமாகிவிடும். குட்டிகள் பிறந்து பால் ஊறத் தொடங்கியதும் ஒரேயடியாகக் கால்சியம் தேவைப்படும். அப்போது மந்தமாகிப்போன சுரப்பிகளால் ஈடுகொடுக்க முடியாமல் இரத்தத்தில் அளவு விழுந்து நாய்க்கு விறைப்பும் வலிப்பும் வருகின்றன. ஊர்ப்பக்கம் இதை ஜன்னி என்று சொல்லி வேப்பிலை அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பொமரேனியன் போன்ற சிறிய நாய்களில்தான் இது மிகுதி, ராஜபாளையத்தில் குறைவு. ஆனால் குட்டிகள் எட்டு, ஒன்பது என்று இருந்தால் எந்த இனத்துக்கும் வரலாம். ஈன்ற பிறகு கால்சியம் தேவையா, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

விளக்கெண்ணெய் பற்றி உங்கள் மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அது பேதியாக்கும், பேதியில் உடலின் நீர் வற்றிப்போன நாய்க்குக் குட்டியை முக்கி வெளியே தள்ளத் தெம்பு இருக்காது. பாதையை அது வழுவழுப்பாக்கும் என்பது நம்பிக்கைதான். குடலுக்குள் போகிற எண்ணெய்க்கும் கருப்பை வாய்க்கும் தொடர்பு கிடையாது.

உண்மையில் கவனம் தேவைப்படுவது தினசரிச் சாப்பாட்டில்தான். நம் வீடுகளில் நாய்க்கு வைப்பது பெரும்பாலும் சோறு. அதன் மேல் கொஞ்சம் குழம்போ தயிரோ இருக்கும். குட்டிகளின் உடல் வளர்வதற்கான புரதம் அதில் போதாது. சோற்றைப் பாதியாகக் குறைத்து, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியும் அவித்த முட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வசதி இருந்தால், குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீவனத்தைக் கடைசி மூன்று வாரமும், பால் கொடுக்கும் காலம் முழுவதும் கொடுப்பது இன்னும் நல்லது. இதுவரை உண்ட அளவைவிட வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் கூட்டிக்கொண்டே போனால் போதும். கருப்பை வளர்ந்து இரைப்பையை நெருக்குவதால் ஒரே வேளையில் அதிகம் சாப்பிட முடியாது. எனவே மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். ஈரல் நல்லதுதானே என்று தினமும் போடாதீர்கள். அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் குட்டிகளுக்கு அண்ணப்பிளவு போன்ற பிறவிக் குறைகள் வரலாம். பச்சைக் கறி, வெங்காயம் மிகுந்த குழம்பு, கருவாடு ஆகிய மூன்றையும் நிறுத்திவிடுங்கள்.

மொட்டை மாடிக் கொட்டகை வேண்டாம். நீங்கள் எதிர்பார்க்கும் நாட்கள் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகின்றன. தகரத்தில் மழை விழும் சத்தமே தலையீற்று நாயை மிரட்டிவிடும்; மழை விட்டால் பகலில் தகரம் காயும், இரவில் தரை குளிர்ந்து ஓதம் ஏறும். ஏறி இறங்க மாடிப்படி வேறு இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையை, சாமான் அறையாக இருந்தாலும் சரி, ஒதுக்குங்கள். தச்சரிடம் சொல்லிப் பழைய பிளைவுட்டில் நான்கடிக்கு நான்கடி அளவில் ஒரு பெட்டி அடித்துக்கொள்ளலாம். மூன்று பக்கமும் ஒன்றரை அடி உயரமும், முன்பக்கம் தாய் தாண்டிப் போகவும் குட்டிகள் உருண்டு வெளியே விழாமலும் இருக்கும்படி ஏழெட்டு அங்குலமும் வைத்தால் போதும். பெட்டியின் உட்சுவரைச் சுற்றி, தரையிலிருந்து நான்கு அங்குலம் உயரத்தில், சுவரைவிட்டு நான்கு அங்குலம் தள்ளி ஒரு ரீப்பர் கட்டையோ பிளாஸ்டிக் குழாயோ பொருத்தச் சொல்லுங்கள். தச்சர் இது எதற்கு என்று கேட்பார். முதல் முறை தாயாகும் நாய் தன் உடம்பின் அகலம் தெரியாமல் சுவரோடு சாய்ந்து படுக்கும்போது, இடையில் மாட்டிய குட்டி நசுங்காமல் அந்தக் கட்டைக்குக் கீழே தங்கிக்கொள்ளும். வீட்டில் நடக்கும் குட்டிச் சாவுகளில் ஒரு பகுதி இப்படித் தாயின் அடியில் சிக்கி நடப்பது. ஒரு குழாய்த் துண்டால் அதைத் தவிர்த்துவிடலாம்.

சாக்கும் வேண்டாம். அதன் நூல் பிரிந்து குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும், தூசி மூக்கில் ஏறும், நனைந்தால் காயாது. ஈனும்போது அடுக்கடுக்காகச் செய்தித்தாள் விரித்து, நனைய நனைய மேல்தாளை உருவிவிடுவதே எளிது. பிறகு, துவைத்து வெயிலில் காய்ந்த பருத்திப் போர்வையைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து, ஓரங்களை அடியில் செருகி விரியுங்கள். பெட்டியைக் கழுவ ஃபினாயில் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் வெயிலும் போதும். நவம்பர் 12 வாக்கிலேயே பெட்டியை அறையில் போட்டு ராணியை அதில் படுக்கப் பழக்குங்கள். கடைசி நாளில் கொண்டுபோய் விட்டால் அது உங்கள் கட்டிலுக்கு அடியையோ துணி அலமாரியையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இன்னொன்று: இப்போதிருந்து குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆகும்வரை வெளிநாய்கள் எதையும் அதன் அருகே விடாதீர்கள். பெரிய நாய்களுக்கு வெறும் சளியோடு போய்விடுகிற ஹெர்ப்பிஸ் கிருமி, பிறந்த குட்டிகளை ஓரிரு நாளில் கொத்தாகக் கொன்றுவிடக் கூடியது.

நவம்பர் 20 முதல் காலையும் மாலையும் ராணியின் உடல் வெப்பத்தை எடுத்து எழுதத் தொடங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி போதும். நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாய்க்குள் ஓர் அங்குலம் செலுத்தி, சத்தம் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வாரங்களில் 100, 101 டிகிரி பாரன்ஹீட் என்று வரும். சினையைத் தாங்கிக்கொண்டிருந்த புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் விழுந்ததும் வெப்பம் 99க்குக் கீழே இறங்கும். அதிலிருந்து பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஈனும் வேலை தொடங்கிவிடும். அந்த இறக்கம் சில மணி நேரமே நீடித்து மறுபடி ஏறிவிடும் என்பதால்தான் இரண்டு வேளையும் பார்க்கச் சொல்கிறேன். 98.6 என்று ஒரு மாலையில் வந்தால், நேரத்தை எழுதிவிட்டு மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். சில நாய்களில் இந்த இறக்கம் நம் கண்ணில் படாமலே போவதும் உண்டு.

முதல் கட்டத்தில் முக்குவது எதுவும் வெளியே தெரியாது. கருப்பை வாய் மெல்லத் திறந்துகொண்டிருக்கும். ராணி சாப்பாட்டைத் தொடாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும், நடுங்கும், வாந்தி எடுக்கலாம், போர்வையைப் பறித்து ஒரு பக்கமாகக் குவிக்கும், எழுந்து வந்து உங்கள் முகத்தைப் பார்க்கும். இது 6 முதல் 12 மணி நேரம் போகும். தலையீற்றில் ஒரு முழுநாள்கூட ஆகலாம். இந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர்கள் பொறுமை இழந்து ஆளைக் கூப்பிடுகிறார்கள். ராணி நம்பும் ஒருவர் மட்டும் அருகில் இருந்து, தண்ணீர் வைத்துவிட்டுச் சும்மா இருப்பது நல்லது. தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் பெரிய நாய்களே வலியை அடக்கிக்கொள்ளும்.

அடுத்த கட்டத்தில் வயிறு இறுகி முக்குவது நன்றாகத் தெரியும். முதலில் ஒரு கருநிறக் குமிழ் போலப் பனிக்குடம் எட்டிப் பார்த்து உடையும். சில நிமிடங்களில் குட்டி, மெல்லிய சவ்வுப் பையோடு வரும். பின்னங்கால்கள் முதலில் வந்தாலும் பயப்பட வேண்டாம். நாய்க்குட்டிகளில் பத்தில் நான்கு அப்படித்தான் பிறக்கின்றன. அனுபவமுள்ள தாய் உடனே சவ்வைக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, குட்டியைப் புரட்டிப் புரட்டி நக்கும். தலையீற்று நாய், என்ன வந்தது என்றே விளங்காமல் குட்டியைப் பார்த்துப் பின்வாங்கி நிற்கலாம். மனதுக்குள் மெதுவாக முப்பது எண்ணுங்கள். அதற்குள் அது தொடங்கவில்லை என்றால் நீங்கள் தொடங்குங்கள். சவ்வை மூக்குப் பக்கம் விரலால் கிழித்து, முகத்தைத் துடைத்து, தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி துண்டில் வைத்து முதுகையும் விலாவையும் நன்றாகத் தேயுங்கள். வாயிலும் மூக்கிலும் சளி இருந்தால் சிறு ரப்பர் பல்பால் உறிஞ்சி எடுங்கள். குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசுகிற பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. மூளையில் இரத்தம் கசிய அது காரணமாகலாம் என்பதால் செய்யவே கூடாது. குட்டி கத்திய பிறகு, வேகவைத்த நூலால் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிக் கொடியைக் கட்டி, கட்டுக்கு அப்பால் கத்தரித்து, நுனியைப் பீட்டாடினில் நனைத்துத் தாயின் வாய்க்கருகே வையுங்கள். பெரும்பாலான தாய்களுக்கு இரண்டாவது குட்டிக்குள் வேலை பிடிபட்டுவிடும்.

ஒவ்வொரு குட்டி வந்த நேரத்தையும், நஞ்சுக்கொடி வந்ததா என்பதையும் நோட்டில் எழுதுங்கள். நஞ்சுக்கொடியைத் தின்பது தாயின் இயல்பு. ஒன்றிரண்டுக்கு மேல் தின்றால் பேதியாகும் என்பதால் மீதியை எடுத்துவிடலாம். இரண்டு குட்டிகளுக்கு இடையே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம்.

எப்போது கிளம்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், ஏனெனில் அந்த நேரத்தில் யாருக்கும் ஒன்றும் நினைவுக்கு வராது. அரை மணி நேரம் விடாமல் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றால் கிளம்ப வேண்டும். விட்டுவிட்டு மெலிதாக முக்கி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டாலும், எக்ஸ்ரே எண்ணிக்கைப்படி குட்டி மீதமிருக்கையில் இரண்டு மணி நேரம் எதுவும் நடக்காமல் இருந்தாலும் கிளம்ப வேண்டும். முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நிறத்தில் கசிந்தால் உடனே கிளம்புங்கள். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரைவிட்டுப் பிரிகிறது என்று அதற்குப் பொருள், உள்ளே குட்டிக்கு மூச்சு கிடைக்காது. முதல் குட்டிக்குப் பிறகு அதே பச்சைக் கசிவு வருவது இயல்பானது. புது இரத்தம் நிறையப் போனாலும், வெப்பம் இறங்கி 24 மணி நேரமாகியும் முக்கலே தொடங்காவிட்டாலும், டிசம்பர் 7 தாண்டியும் அறிகுறியே இல்லாவிட்டாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஒரு குட்டி பாதி வெளியே வந்து நின்றுவிட்டால் மட்டும், சுத்தமான துண்டால் அதன் உடம்பைப் பற்றி, ராணி முக்கும்போது மட்டும், தாயின் பின்னங்கால்களை நோக்கிக் கீழ்வாக்கில் மெதுவாக இழுக்கலாம். முக்காதபோது இழுப்பதும் ஒற்றைக் காலைப் பிடித்து இழுப்பதும் ஆபத்து.

ஊசி போடும் அந்த நண்பரைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன், அவரைக் கூப்பிட வேண்டாம். அவர் கையில் இருக்கக்கூடிய ஆக்ஸிடோசின், கருப்பையை இறுக்கிப் பிழியும் மருந்து. குட்டி குறுக்காகக் கிடந்தோ தலை பெரிதாகியோ வழி அடைபட்டிருக்கும்போது அதைப் போட்டால், கருப்பை கிழியலாம், உள்ளே இருக்கும் குட்டிகளின் நஞ்சுக்கொடி முன்பே பிரிந்து அவையும் இறக்கலாம். மாட்டுக்குப் போட்டுப் பழகிய கை, நாய்க்கு எவ்வளவு சிறிய அளவு போதும் என்று அறிந்திருக்காது. அடைப்பு இல்லை என்று விரலாலும் ஸ்கேனாலும் பார்த்த பிறகு மருத்துவர் போட வேண்டிய ஊசி அது. அறுவை செய்து எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னாலும் தயங்காதீர்கள். நேரத்தோடு செய்தால் தாயும் குட்டிகளும் பிழைப்பது வழக்கம், கையை மீறிப் போவது பெரும்பாலும் தாமதத்தால்தான்.

ஆகவே இந்த வாரத்திலேயே இரண்டு வேலைகளை முடியுங்கள். இரவில் தொலைபேசியை எடுக்கக்கூடிய இரண்டு மருத்துவர்களிடம் நேரில் போய்த் தேதியைச் சொல்லி, இரவில் அழைக்கலாமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அறுவை வசதிக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பின்னிரவில் போனால் யார் இருப்பார்கள் என்று முன்பே விசாரித்து வையுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டுதான், ஆனால் நடுராத்திரி நாய்ப் பிரசவத்துக்கு அதை மட்டும் நம்பி இருப்பது சரியல்ல. ஆட்டோ அல்லது கார் வைத்திருக்கும் ஒருவரிடம் மழை பெய்தாலும் வருவதாக இப்போதே வாக்கு வாங்கிவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்ச்சேர ஆகும் நேரத்தையும் நான் மேலே சொன்ன மணிக்கணக்கோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அதனால்தான் முக்கத் தொடங்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதற்கும் காத்திருக்கச் சொல்லவில்லை.

பிறந்த குட்டிக்கு முதல் தேவை சூடு, அடுத்தது சீம்பால். முதல் வாரத்தில் அதற்கு நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் திறன் கிடையாது. பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, அந்த மூலையில் 85 முதல் 90 டிகிரி வரை இருக்கும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். மறுமூலை குளிர்ச்சியாகவே இருக்கட்டும், சூடு தாங்காத குட்டி அங்கே ஊர்ந்து போய்விடும். மழையில் மின்சாரம் போனால், வெந்நீர் நிரப்பித் துண்டு சுற்றிய பாட்டில்கள் உதவும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓயாமல் கத்தினால் குளிர் என்றும், ஆளுக்கொரு மூலையாக விலகி இரைத்தால் சூடு என்றும் பொருள். பக்கத்தில் பக்கத்தில் படுத்து, தூக்கத்திலேயே உடம்பு சிறிது சிறிதாகத் துள்ளிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. சில்லிட்டுப்போன குட்டிக்கு உடனே பால் புகட்டாதீர்கள்; குளிர்ந்த குடலில் பால் செரிக்காது. உங்கள் மார்போடு அணைத்து மெல்லச் சூடேற்றிய பிறகே பால்.

முதல் அரை நாளுக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்துவிட வேண்டும். நோய் எதிர்ப்புச் சத்து குடல் வழியாக உள்ளே போகும் கதவு ஒரு நாளுக்குள் அடைபட்டுவிடும். பிறகு தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதுங்கள். ராஜபாளையம் குட்டிகள் எல்லாமே வெள்ளை என்பதால் எது எதுவென்று உங்களுக்கு அடையாளம் தெரியாது. கழுத்தில் நூல் கட்டுவது ஆபத்து, வளரும் கழுத்தில் இறுகிவிடும். ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு காலில், நகத்தில் மட்டும், நகச்சாயம் ஒரு சொட்டு வைத்து, நன்றாகக் காயும்வரை கையில் வைத்திருந்து விடுங்கள். பிறக்கையில் 400 கிராம் இருந்த குட்டி எட்டுப் பத்து நாளில் இரட்டிப்பாக வேண்டும். முதல் நாள் சிறிது குறைவது உண்டு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, மறுநாளும் ஏறாவிட்டாலோ அந்தக் குட்டிக்கு உதவி தேவை. பசும்பால் அதற்கு மாற்றாகாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவை ஒரு டப்பா முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். குப்புறப் படுக்க வைத்தே புகட்ட வேண்டும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

ராணியின் கசிவு சில வாரங்களுக்குப் பழுப்புச் சிவப்பாக இருப்பது இயல்பு. நாற்றம் எடுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, மடியில் ஒரு பகுதி கல்லாக இறுகிச் சிவந்தாலோ அன்றே காட்டுங்கள். முதல் நான்கு வாரத்தில் கால் விறைத்து நடப்பது, காரணமின்றி இரைப்பது, தசை துடிப்பது ஆகியவை கால்சியம் விழுந்ததன் அடையாளங்கள். குட்டிகளைப் பிரித்துவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான், வாய்வழி மருந்துக்கு அங்கே நேரமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முழு வெள்ளை இனங்களில், ராஜபாளையம் உட்பட, பிறவிச் செவிடு அடிக்கடி காணப்படுகிறது. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் அங்கே இரத்த ஓட்டம் கெட்டு, பிறந்த மூன்று நான்கு வாரத்தில் கேட்கும் செல்கள் அழிந்துவிடும். காது திறப்பதே இரண்டு வாரம் கழித்துத்தான் என்பதால், அவசரப்பட்டு முடிவுக்கு வராமல் ஐந்து வாரம் முடிந்த பிறகு பாருங்கள். குட்டி தனியாகத் தூங்கும்போது, தரை அதிராமலும் காற்று படாமலும் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கூட்டத்தோடு இருக்கும்போது மற்றவை எழுவதைப் பார்த்து அதுவும் எழுந்துவிடும், அது சோதனை ஆகாது. ஒரு காது மட்டும் கேளாத குட்டியை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. கேளாத குட்டியை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. வாங்குகிறவரிடம் மறைத்தும் கொடுக்கக் கூடாது.

இரண்டு வாரத்தில் குட்டிகளுக்குக் குடற்புழு மருந்தைத் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. கண் திறந்ததுமே குட்டி கேட்டு ஆள் வரும், முன்பணமும் நீட்டுவார்கள். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விதி ஒருபுறம் இருக்க, நான்காவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் உடன்பிறப்புகளைக் கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்கிறது. அடுத்த பருவத்தில் ராணியைச் சேர்க்காமல் ஓய்வு கொடுங்கள். இனிக் குட்டியே வேண்டாம் என்றால், குட்டிகள் பால் மறந்து மடி வற்றிய பிறகு கருத்தடை செய்துகொள்ளலாம். முதல் தடுப்பூசிக்குக் குட்டிகளைக் கொண்டுபோகும்போதே அதற்கு நாள் கேட்டு வாருங்கள்.